கனாய்தாவின் காலும் என் சிப்பும்

ரகு,

நீ கேட்ட ஃப்ளாப்பியை அனுப்பவில்லை. நோட்டையும் அனுப்பவில்லை. கோபித்துக்கொண்டு பாதியில் மூடிவைக்காமல் முழுவதும் படி. போன வியாழக்கிழமை போனில் பேசியபோதே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பேசுகிற வேகத்துக்கு நடுவில் யாரும் புக முடியாது, அந்த வேகம் என்னிடமிருந்து வந்தது என்பதால் குறை சொல்லவும் முடியாது. வேளச்சேரியில் ஒருவர் கால் சென்டருக்கு ஓட்டுகிற பன்னிரண்டு வேன்களையும் உன்னிடம் தரப்போகிறார், எல்லாவற்றிலும் ஐட்லிங்கை இறக்கி மைலேஜ் கூட்டித் தர வேண்டும், தீபாவளிக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்றாய். "அம்மா, கீழ் வீட்டுப் பௌதி வேனுக்கு நீ பண்ணியே, அந்த ஃபைல் இருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றாய். அப்புறம் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "கஸ்டமர் பயந்தா நான் கனாய்தா கதையத்தான் சொல்றேன். வண்டி நல்லாதான் இருந்துச்சு, தண்ணியில டிரைவர் கால எடுத்துட்டாரு, நின்னுபோச்சு. மிஷின் தப்பு பண்ணாது சார், கால்தான் தப்பு பண்ணும்னு." நான் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்தக் கதை பொய். பொய் சொன்னது நீ இல்லை, நான். எட்டு வருஷமாக அதை நீ உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறாய், இப்போது அதைச் சொல்லியே வேலை பிடிக்கிறாய். அதை வைத்துப் பன்னிரண்டு வண்டியின் மண்டையைத் திறக்கப் போகிறாய். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். போனில் சொன்னால் நான் பாதியைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

நான் படிப்பை விட்டது உனக்குத் தெரியும். கல்யாணத்துக்காக விட்டேன் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், அது அவருக்குக் கொஞ்சம் பெருமை, இருந்துவிட்டுப் போகட்டும். நடந்தது என்னவென்றால், இரண்டாம் வருஷம் பிசிக்ஸ் லேபில் ஒரே ஊசலை மூன்று வாரம் ஆட்டி எண்ணிக்கொண்டிருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலேஜ் ஸ்டாப்பில் பஸ் நின்றது, நான் இறங்கவில்லை. கடைசி ஸ்டாப்வரை போய்விட்டேன். மறுநாளும் இறங்கவில்லை. அவ்வளவுதான். உன்னைப் பெற்று, நீ நர்சரி போக ஆரம்பித்த பிறகு, ஹவுராவில் எலக்ட்ரானிக் தராசு செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். தராசுக்குள் இருக்கிற சிப்பில் புரோகிராம் ஏற்றுவது வேலை. அங்கே இருந்த ஏழு வருஷத்தில் ஒரு சிப்பைப் பார்த்தால் அதன் உள்ளே என்ன இருக்கும், எப்படி வெளியே எடுப்பது, எப்படி மாற்றி எழுதுவது என்பது கைக்கு வந்துவிட்டது. பட்டறை மூடியபோது அந்தப் பழைய புரோகிராமர் மிஷினையும் ஒரு கம்ப்யூட்டரையும் கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாகத் தூக்கிக்கொண்டு ஃபெர்ரியில் ஏறி வந்தேன். துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருக்கிறவரின் மனைவி இப்படி மிஷினைச் சுமந்துகொண்டு வருகிறாளே என்று உன் அப்பா வாசலில் நின்று பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. "டைனிங் டேபிள்ல வெக்காத, அவ்வளவுதான் கேட்டுக்கறேன்" என்றார். டைனிங் டேபிளில்தான் வைத்தேன்.

அதே சமயத்தில்தான் கார்களிலெல்லாம் கார்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது. கரியாஹாட் மெக்கானிக்குகள் அந்த அலுமினியப் பெட்டியைப் பார்த்தாலே கையை எடுத்துக்கொள்வார்கள். எனக்கோ அது இன்னொரு தராசு. உள்ளே ஒரு சிப், சிப்புக்குள் எண்கள், அவ்வளவுதானே என்ற திமிர். வீட்டில் வைத்து அந்தப் பெட்டியை நம் இஷ்டத்துக்கு ஆட்டிவைக்க அப்போதும் மூன்று வழி, இப்போதும் மூன்று வழிதான். முதலாவது ஏமாற்று வழி. இன்ஜின் சூட்டைச் சொல்கிற சென்சார் வயரில் ஒரு ரெசிஸ்டரைக் கோத்துவிட்டால், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நம்பி அந்தப் பெட்டி பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். பிக்கப் வந்துவிட்டதென்று பையன்கள் குதிப்பார்கள். ஒரு மாதத்தில் ப்ளக் கரியாகிவிடும். இது புரோகிராம் இல்லை, காது கேட்காதவரிடம் கத்துகிற மாதிரி. யார் கேட்டாலும் செய்யாதே.

இரண்டாவது, நான் செய்த வழி. பெட்டியைத் திறந்து, சிப்பை ஈயம் உருக்கி எடுத்து, அந்த இடத்தில் ஒரு சாக்கெட்டை வைத்துவிட வேண்டும். இனி சிப்பைக் கழற்றி மாட்டலாம். கழற்றிய சிப்பை மிஷினில் வைத்துப் படித்து, திரும்பவும் படித்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். ஒரு தடவை படித்ததை நம்பி ஒரு தராசுக் கடைக்காரரிடம் வாங்கிய வசவு எனக்குப் போதும். அந்த அசல் ஃபைலை இரண்டு இடத்தில் வைத்துக்கொள். அதற்குப் பிறகுதான் தேடல். ஆயிரக்கணக்கான எண்களில் எது பெட்ரோல் அட்டவணை, எது ஸ்பார்க் நேரம், எது ஐட்லிங் என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். உன் கணக்கு நோட்டிலிருந்து கிராஃப் தாளைக் கிழித்து, எண்களைப் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்ப்பேன். கன்னாபின்னாவென்று குதித்தால் அது புரோகிராம். மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் அது அட்டவணை. நீ கூட ஒரு நாள் பார்த்துவிட்டு, "அம்மா, இது டார்ஜிலிங்" என்றாய். மாற்றிய பிறகு மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து, பழைய கூட்டுத்தொகை வரும்படி ஒரு மூலையில் சரிக்கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி தன்னையே நம்பாது, டாஷ்போர்டில் லைட் எரியும். எழுதுவதற்கு முதுகில் கண்ணாடி ஜன்னல் வைத்த சிப் வாங்குவேன். அதில் இருப்பதை அழிக்கப் புறஊதாக்கதிர் விளக்கு வேண்டும். நம் சமையலறை வாட்டர் ஃபில்டருக்குள் இருந்ததும் அதே விளக்குதான். கழற்றி, பிஸ்கட் டப்பாவுக்குள் சிப்போடு வைத்து மூடி, இருபது நிமிஷம். "குடிக்கத் தண்ணி இருக்கா இல்லையா இந்த வீட்டுல?" என்று உன் அப்பா கேட்பார். "சிப்பு வெயில் காயுது. இருபது நிமிஷம் தாகத்த அடக்குங்க" என்பேன்.

மூன்றாவது உன் வழி, கேபிளும் லேப்டாப்பும். பெட்டியைக் கழற்றக்கூட வேண்டாம் என்கிறாய். நல்லது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கினால் பெட்டி செத்தது, திரும்ப எழுப்ப முடியாமலே போகலாம். ஹெட்லைட், ஃபேன், ரேடியோ எல்லாவற்றையும் அணை. சார்ஜரை மட்டும் நம்பாதே, கரண்ட் எப்போது போகும் என்று உனக்குச் சொல்லிவிட்டுப் போகாது. நல்ல பேட்டரி இன்னொன்றைப் பக்கத்தில் இணைத்துக்கொள். லேப்டாப் தூங்கிப்போகாதபடி பார்த்துக்கொள். முதலில் படி, பிறகுதான் எழுது. பன்னிரண்டு வேனும் ஒரே மாடல் என்றாலும் பன்னிரண்டையும் தனித்தனியாகப் படி. இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்களுக்குத்தான் நான் சொல்லப்போகிற ஆபத்து. எனக்கும் இதெல்லாம் சரியாகத்தான் வந்தது.

கீழ் வீட்டுப் பௌதி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேன் விட்டிருந்தாள். அண்ணி என்று கூப்பிட்டோமே தவிர என்னைவிட நாலு வயசுதான் பெரியவள், வாய் மட்டும் நாற்பது வயசு பெரியது. பழைய வேனை விற்றுவிட்டு கம்ப்யூட்டர் வைத்த புது வேன் வாங்கினாள். ஒரு ஜனவரி மாசம் மேலே வந்து உட்கார்ந்துகொண்டு புலம்பினாள். "ஓடி குடிச்சா பரவால்ல. நின்னு குடிக்குது! கரியாஹாட் சிக்னல்ல அரை மணி நேரம் நிக்குது, ஸ்கூல் வாசல்ல அரை மணி நேரம் நிக்குது. உன் தராசு வித்தைய இதுல காட்டேன்." நான் காட்டினேன். நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண்ணை இருநூறு இறக்கினேன். இன்னொன்றும் செய்தேன், அதுதான் முக்கியம், கவனமாகப் படி. ஓடுகிற வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்டி பெட்ரோலை நிறுத்திவிடும். சுற்று குறைந்து ஓர் அளவுக்கு வந்ததும் திரும்பக் கொடுக்கும், இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க. அந்த அளவையும் இறக்கினேன். அதாவது பெட்ரோல் தாமதமாகத் திரும்பி வரும். குளிர்காலம், காய்ந்த ரோடு. நானே ஓட்டிப் பார்த்தேன். காலை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். ஒரு குறையும் இல்லை. பௌதிக்கு மைலேஜ் கூடியது, எனக்கு ஒரு பானை நொலேன் குடேர் ரசகுல்லா, புது ஈச்சவெல்லத்தில் ஊறியது, வந்தது. அதில் பாதி நீ தின்றாய்.

கனாய்தாவை உனக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பௌதியிடம் ஒன்பது வருஷம் ஓட்டியவர். விடிகாலையில் சாந்த்ராகாச்சியிலிருந்து ரயில் பிடித்து வருவார். உன்னை ரோகு என்று கூப்பிடுவார், வேனில் பெரிய பையன் நீ என்பதால் முன் சீட் உனக்குத்தான். நீ ரோட்டைப் பார்க்க மாட்டாய், அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டு வருவாய். எந்தப் பெடல் எப்போது என்று வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து செய்து காட்டுவாய். சிப் மாற்றி ஒரு மாதம் ஆவதற்குள் அவர் என்னிடம் வந்தார். நாங்கள் பேசியது வங்காள மொழியில், தீதி என்றால் அக்கா என்று உனக்குச் சொல்ல வேண்டாம், அவர் குரலே காதில் கேட்கும். "தீதி, வண்டிக்குக் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்குது" என்றார். "நடுங்கட்டும், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். பங்குனி வெயிலில் இன்னொரு தடவை. "கால எடுத்தா வண்டி கீழ விழப்போற மாதிரி இருக்கு. அப்புறம் புடிச்சுக்குது. ஆனா விழப்பார்க்குது." "அது உங்க பழைய பழக்கம் கனாய்தா. பழைய வண்டி கால் இது. புதுசு பழகுங்க." மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாவது தடவை. அப்போது நான் வேறொரு பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கனாய்தா, நான் கிராஃப் போட்டுப் பார்த்திருக்கேன்" என்றேன். அவர் சரி தீதி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். காலேஜில் மூன்று வாரம் ஊசல் ஆட்டப் பொறுக்காதவள், ஒன்பது வருஷம் தினமும் ஒரே பெடலை மிதித்தவரிடம் கிராஃபைக் காட்டினேன்.

ஜூலையில் அந்த மழை. நீ வண்டியில் இருந்தாய், நான் இல்லை. அதனால் நீ பார்த்ததை நான் உனக்குச் சொல்லவில்லை, நீ பார்க்காததைச் சொல்கிறேன். சைலன்சர் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. அந்த நிலையில் இன்ஜின் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே மூச்சு விட வேண்டும். சுற்று இருந்தால் தள்ளும், இல்லாவிட்டால் மூச்சு முட்டும். எதிரே ரிக்‌ஷாக்காரர் கால் தடுக்கி விழுந்தார், கனாய்தா காலை எடுத்தார். ஒரு நொடி. அசல் சிப் இருந்திருந்தால் பெட்டி உடனே பெட்ரோலைக் கொடுத்திருக்கும், சுற்றும் மேலே இருந்திருக்கும், திரும்பக் கால் வைப்பதற்குள் வண்டி தாங்கியிருக்கும். என் சிப் காத்திருந்தது. காய்ந்த ரோட்டில் அந்தக் காத்திருப்பு ஒன்றுமில்லை. தண்ணீரில் இன்ஜின் மூச்சு முட்ட அது போதுமானதாக இருந்தது. வண்டி நின்றது, தண்ணீர் கதவுக்குள் வந்தது. கனாய்தா எட்டுப் பிள்ளைகளையும் தோளில் தூக்கி மிட்டாய்க் கடைப் படியில் விட்டார். கடைசியாக, அந்தச் சின்னக் குழந்தை மிட்டியைத் தூக்கிவரும்போது தண்ணீருக்கடியில் மூடி இல்லாத சாக்கடைக் குழியில் அவர் கால் போனது. குழந்தையைப் புத்தகப் பையோடு பிடித்துவிட்டார். குழந்தைக்கு மணிக்கட்டு முறிந்தது, உயிர் பிழைத்தது. ஆறு வயசு அதற்கு.

மறுநாள் காலையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியாது, நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். வேனைத் தள்ளிவந்து கீழே நிறுத்தியிருந்தார்கள். பௌதியிடம் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கும், காய வைத்துத் தருகிறேன் என்று சொல்லி மேலே எடுத்து வந்தேன். பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. என் சிப்பைக் கழற்றிவிட்டு அசல் சிப்பை மாட்டினேன். ஹேர் டிரையரை ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன், சத்தம் கீழே கேட்கட்டும் என்று. பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். ஆனால் கை நடுங்கவில்லை, ரகு. இந்த வேலை எனக்கு எப்போதும் சுத்தமாகத்தான் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பௌதியின் முன் ரூமில் எல்லாப் பெற்றோரும் கூடினார்கள். உன்னை நான்தான் கூட்டிப்போனேன். மிட்டியின் அப்பா ஏன் வண்டி நின்றது என்று கேட்டார். பௌதி என்னைக் காட்டினாள். "இவதான் என் இன்ஜினியர், இவ சொல்லட்டும்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கனாய்தா கதவோரம் நின்றுகொண்டு வாயைத் திறந்தார், ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் நான் உன்னை முன்னால் இழுத்தேன். "ரகு, நீ முன் சீட்ல இருந்தே. கனாய்தா கால எடுத்தாரா?" நீ அவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "எடுத்தாரு" என்றாய். "எடுத்ததும் என்னாச்சு?" "நின்னுபோச்சு." நான் அந்த ரூமைப் பார்த்து, "தண்ணியில ஆக்சிலரேட்டர்லருந்து கால எடுக்கக்கூடாது. எடுத்தா எந்த வண்டியும் நிக்கும்" என்றேன். எந்த வண்டியும். கனாய்தா, "முன்னாடி ஆள் விழுந்து கிடந்தான். அவன் மேல ஏத்தச் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். கிளட்சை மிதித்துக்கொண்டு ரேஸ் கொடுத்திருக்கலாமே என்று யாரோ ஒரு பேங்க் ஆபீசர் சொன்னார். அன்றைக்கே பௌதி அவரை நிறுத்திவிட்டாள். மற்ற பெற்றோர்கள் ஸ்கூல் வாசலில் எல்லா வேன்காரர்களிடமும் சொல்லி வைத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் பிள்ளைகளைக் கொடுக்கவில்லை. நீ ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அப்புறம் நீயே வந்து, "நான் பொய் சொல்லலையேம்மா?" என்று கேட்டாய். "இல்லடா, நீ பார்த்ததச் சொன்னே" என்றேன். அது உண்மை. உண்மையைச் சொல்லியே உன் வாயை மூடினேன். அதற்கப்புறம் நான் கார்ப் பெட்டிகளைத் தொடவில்லை. கண் சரியில்லை என்று சொன்னேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

உன் போனுக்குப் பிறகு மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கனாய்தாவைத் தேடி சாந்த்ராகாச்சி போனேன். ரயில்வே யார்டுக்குப் பின்னால் ஒரு பார்சல் கோடவுனில் கேட் காவல் இருக்கிறார் என்று ஸ்டேஷனிலேயே சொன்னார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாளில் முடி கொட்டி, பச்சை மிளகாய் கடித்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தார். முடி என்றதும் தலையைத் தடவாதே, பொரிதான், மெட்ராஸுக்குப் போய் மறந்திருப்பாய். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "என்ன தீதி, வண்டி ரிப்பேரா? நான் இப்ப வண்டி ஓட்டறதில்லையே." உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் குடும்பக் கதை பேசிவிட்டு வந்துவிடுவேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிப், பெட்ரோல், ஹேர் டிரையர், எல்லாம். அவர் முடியை மென்றுகொண்டே கேட்டார்.

"ஐட்லிங் எவ்வளவு இறக்கினீங்க?" என்றார்.

"இருநூறு."

"இருநூறா!" பக்கத்தில் லாரிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். "நான் நூறுன்னு நினைச்சேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கால்ல தெரியும் தீதி. என்ன பண்ணீங்கன்னு தெரியாது, என்னமோ பண்ணீங்கன்னு தெரியும். பொட்டியத் தெறந்தது நீங்கதானே, நானா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"மூணு தடவை சொன்னேனே. நாலாவது தடவை அந்த ரூம்ல சொல்லலாம்னு நின்னேன். நீங்க புள்ளைய எழுப்பி முன்னால நிறுத்திட்டீங்க. அவன் உள்ளதச் சொல்றான். அத்தன பேர் முன்னாடி அவனோட மல்லுக்கு நிக்கணுமா நான்?" கையைத் தட்டிக்கொண்டார். "ரோகு இன்னும் என் கால்னுதான் நினைச்சுட்டிருக்கானா?"

ஆமாம் என்றேன். நீ அந்தக் கதையை வைத்து வேலை பிடிக்கிறாய் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் மாறியது. அதுவரை நான் சொன்ன எதற்கும் மாறவில்லை. "மொதல்ல அவன்கிட்ட சொல்லுங்க. அப்புறம் பௌதிகிட்ட, அந்தக் கொழந்த வீட்டுல. எங்கிட்ட வந்து சொன்னா எனக்கென்ன, என் கால் எனக்குத் தெரியாதா?" நீங்களும் வாருங்கள், எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். வரமாட்டேன் என்றார். "நான் ஒரு தடவ அந்த ரூம்ல நின்னுட்டேன் தீதி. இது உங்க முறை." திரும்ப ஓட்டலாமே, நான் எல்லோரிடமும் பேசுகிறேன் என்றும் சொன்னேன். ஒரு கண்ணில் புரை, லைசென்ஸும் முடிந்துவிட்டது என்றார். அதை என்னால் எந்த ஃபைலாலும் திருப்பி எழுத முடியாது.

முதலில் உன்னிடம் சொல்லச் சொன்னார், நான் அந்த வரிசையை மாற்றிவிட்டேன். மறுநாள் மார்க்கெட்டிலிருந்து பைகளோடு வந்த பௌதி படியில் எதிர்ப்பட்டாள், வாயில் வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. பையைக் கீழே வைத்தாள். "அவன் போற அன்னைக்கு என் காலத் தொட்டுட்டுப் போனான். நான் நகர்ந்துகிட்டேன், தெரியுமா?" என்றாள். அப்புறம், "வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குக் கீழ வா. மிட்டி வீட்டையும் மத்தவங்களையும் நான் கூப்பிடறேன். நீ பேசு. நான் ஒரு வார்த்தை உனக்காகப் பேசமாட்டேன்" என்றாள். அன்றைக்கு முதல் என்னிடம் பேசுவதில்லை. உன் அப்பாவுக்கும் சொன்னேன். அவர், "நானும் கூட வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

இப்போது உன் பன்னிரண்டு வேன். போன வருஷம் ஐப்பசி மழையில் வேளச்சேரியில் உன் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர் என்று நீயே போட்டோ அனுப்பினாய். அதே தெருவில், அதே மாதத்தில், வேலை முடிந்து தூங்கி வழிகிற பெண்களை ஏற்றிக்கொண்டு அந்த வேன்கள் போகும். ஐட்லிங்கைத் தொடாதே. காலை எடுத்ததும் பெட்ரோல் திரும்பி வருகிற அளவைத் தொடவே தொடாதே. அந்த ஆள் கேட்கிற மைலேஜ் அதில்தான் கிடைக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டயர் காற்று, ஏர் ஃபில்டர், ப்ளக், இதில் கிடைக்கிறதை எடுத்துக் கொடு. போதாது என்றால் வேலையை விடு. நீ எதைச் செய்தாலும், எழுதிய பிறகு நீ ஓட்டிப் பார்த்தது கணக்கில்லை. அந்தந்த டிரைவரை ஓட்டச் சொல். அவர் நடுங்குது என்றால், விழப்பார்க்குது என்றால், நீ லேப்டாப்பை மூடிவிட்டு அசலை ஏற்று. அவருக்கு விளக்கம் சொல்லாதே. உன்னிடம் கிராஃப் இருக்கும், என்னிடமும் இருந்தது. கனாய்தா கதையை இனி யாரிடமும் சொல்லாதே. சொல்வதென்றால் இந்தக் கடிதத்தில் இருக்கிறபடி சொல்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்ய வேண்டாம், கிளம்பி வரவும் வேண்டாம். எனக்குத் துணையாக நிற்க வேண்டும் என்று உனக்குத் தோன்றும், உன் சுபாவம் அப்படி. அந்த ரூமில் உன்னை ஒருமுறை நிறுத்தியது போதும். பதிமூன்று வயசில் நீ அங்கே சொன்ன இரண்டு வார்த்தையும் உண்மை, அதில் மாற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மாற்றிச் சொல்ல வேண்டியவள் நான். போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

அம்மா